புயல் வரும் வழியை அறிவோம்

ஐப்பசி பிறந்ததும் கடற்கரை மாவட்டங்களில் வாழும் மக்களின் கண்ணும் காதும் வங்கக் கடலை நோக்கித் திரும்புகின்றன. மழை வேண்டும், ஆனால் புயல் வேண்டாம் என்பதே ஒவ்வொரு விவசாயியின் வேண்டுதலும் ஆகும். வானொலியும் தொலைக்காட்சியும் கைப்பேசியும் இன்று புயற் செய்தியை மணிக்கு மணி நம் வீட்டுத் திண்ணைக்கே கொண்டுவந்து சேர்க்கின்றன. திரையில் கடலின் படம் தோன்றுகிறது. அதில் சுழல் போன்ற ஒரு குறி. அக்குறியிலிருந்து கரையை நோக்கி ஒரு கோடு. கோடு கரையைத் தொடும் இடத்தில் ஓர் ஊரின் பெயர். அந்த ஊர் நமக்குத் தொலைவில் இருந்துவிட்டால், பெரும்பாலோர் நிம்மதியுடன் படுக்கச் சென்றுவிடுகின்றனர். அந்தக் கோட்டை எவ்வாறு போடுகிறார்கள், அது எதைக் கூறுகிறது, எதைக் கூறவில்லை என்பதை ஊராட்சி உறுப்பினர்களும் விவசாயிகளும் அறிந்திருத்தல் மிகவும் அவசியம். இதை அறியாமையால் நேர்ந்த ஒன்றை முதலிற் சொல்லிவிடுவோம். அதில் நமது பிழையும் உண்டு.

2018ஆம் ஆண்டு நவம்பர் 15ஆம் நாள். கஜா புயல் நாகப்பட்டினத்தை ஒட்டி இரவில் கரையைக் கடக்கும் என்று அறிவிக்கப்பட்டிருந்தது. அப்பொழுது நாம் பணியாற்றிய ஒன்றியம் கடலிலிருந்து உள்ளே தள்ளி, தென்னை மிகுந்த பகுதியில் இருந்தது. கிராம ஊராட்சிகளுக்குத் தேர்ந்தெடுக்கப்பட்ட மன்றங்கள் அந்த ஆண்டில் இல்லை. தனி அலுவலர் பொறுப்பு வட்டார வளர்ச்சி அலுவலரிடமே இருந்தது. மாலையில் ஓர் ஊராட்சிக்குச் சென்றபோது, தேநீர்க் கடைத் தொலைக்காட்சியின் முன் பத்துப் பதினைந்து பேர் கூடி நின்றனர். அவர்களுள் ஒரு முதியவர், “கோடு நம் ஊர்மேலே போகவில்லையே, ஐயா. பாவம், நாகப்பட்டினத்துக்காரர்கள்தான் என்ன பாடு படப்போகிறார்களோ!” என்றார். நாமும் திரையைப் பார்த்தோம். கோடு நம் ஊருக்கு இரண்டு விரற்கடை வடக்கே சென்றது. குடிநீர் மேல்நிலைத் தொட்டியில் பாதியளவுதான் தண்ணீர் இருந்தது. காலையில் மோட்டாரைப் போட்டு நிரப்பிக்கொள்ளலாம் என்று தொட்டி இயக்குபவர் கூறினார். நாமும் சரி என்றோம்.

நள்ளிரவு கடந்தபின், 16ஆம் நாள் அதிகாலையில், கஜா நாகப்பட்டினத்துக்கும் வேதாரணியத்துக்கும் இடையே கரை ஏறியது. மிகக் கடுமையான வேகத்தில் காற்று வீசியது. கரை ஏறிய புயல் கரையிலேயே நின்றுவிடவில்லை. தஞ்சை, புதுக்கோட்டை, திண்டுக்கல் பகுதிகளைக் கடந்து, சிறிது சிறிதாக வலுக்குறைந்து, கேரளத்தையும் தாண்டி அரபிக் கடலில் இறங்கியது. பொழுது விடிந்தபோது முப்பது ஆண்டுகள் பேணி வளர்த்த தென்னைகள் ஒரே திசையில் தலைசாய்ந்து கிடந்தன. மின்கம்பங்களும் அவ்வாறே. பல நாட்கள் மின்சாரம் இல்லை; மோட்டார் போட வழியில்லை. அரைத் தொட்டித் தண்ணீர் முதல் நாளிலேயே தீர்ந்தது. சாலையில் விழுந்த மரங்களை அறுத்து வழி உண்டாக்கி, வாடகை ஜெனரேட்டரைக் கொண்டுவந்து சேர்ப்பதற்கு மூன்று நாட்களாயின. அந்த மூன்று நாட்களும் பெண்கள் குடங்களுடன் வயற்கிணறுகளைத் தேடி நடந்தனர். தென்னைகளை எவராலும் காப்பாற்றியிருக்க முடியாது. தொட்டியை நிரப்பியிருக்க முடியும்; அதற்கு இரண்டு மணி நேர மோட்டார் ஓட்டமே போதுமானது.

வானிலை அறிவிப்பு தவறா என்றால், இல்லை. புயல் சொன்ன இடத்தில்தான் கடந்தது. எச்சரிக்கைக் குறிப்பில் தஞ்சை, புதுக்கோட்டை மாவட்டங்களின் பெயர்களும் இருந்தன. அக்குறிப்பை நாம் ஊன்றிப் படிக்கவில்லை. கோட்டை மட்டுமே பார்த்தோம்.

இனி, கடலில் இருக்கும் புயலின் இடத்தை எவ்வாறு அறிகின்றனர் என்பதைக் காண்போம். ஒரு காலத்தில் கடலிற் செல்லும் கப்பல்களும், கரையோரக் காற்றழுத்தமானிகளும் அன்றி வேறு வழி இருந்ததில்லை. கப்பல் இல்லாத கடற்பரப்பில் புயல் எங்கே இருக்கிறது என்பது ஊகமே. 1964ஆம் ஆண்டு டிசம்பர் 22ஆம் நாள் இரவு, ரயில் வண்டியோடு தனுஷ்கோடியைக் கடல் வாரிச் சென்ற காலத்தில், நம் கரையில் புயலைக் கண்டறியும் ரேடார் ஒன்றுகூட இல்லை. அத்தகைய ரேடார்களுள் முதலாவது 1970இல் விசாகப்பட்டினத்தில் அமைந்தது. 1983இல் இன்சாட் 1பி துணைக்கோள் விண்ணில் நிலைகொண்ட பின்னர் கடல் முழுவதையும் மேலிருந்து இடைவிடாது பார்க்கும் வசதி கிட்டியது. அதன் வழிவந்த இன்சாட் 3டிஎஸ் 2024 பிப்ரவரியில் செலுத்தப்பட்டது. இத்துணைக்கோள்கள் பூமிக்கு மேலே ஏறத்தாழ 36,000 கிலோமீட்டர் உயரத்தில், பூமி சுழலும் வேகத்திலேயே தாமும் சுற்றுவதால், எப்போதும் ஒரே பரப்பின்மீது நிற்பன போலத் தோன்றுகின்றன. அரை மணிக்கு ஒரு படம் வருகிறது. மேகங்களின் சுருளைக் கொண்டு புயலின் மையத்தையும் வலிமையையும் மதிப்பிடுகின்றனர்.

புயல் கரையை நெருங்கும்போது ரேடாரின் வேலை தொடங்குகிறது. ரேடார் அனுப்பும் அலை மழைத்துளியிற் பட்டுத் திரும்புகிறது. திரும்பிவர ஆன நேரம் தூரத்தையும், திரும்பிய அலையின் வலிமை மழையின் அளவையும் காட்டுகின்றன. 2002இல் சென்னையில் நிறுவப்பட்ட டாப்ளர் ரேடார் போன்றவை, துளிகள் நம்மை நோக்கி வருகின்றனவா, விலகிச் செல்கின்றனவா என்பதையும் அளந்து காற்றின் வேகத்தைக் கூறவல்லவை. பூமி உருண்டையாதலால் நானூறு கிலோமீட்டருக்கு அப்பால் ரேடாரின் அலை மேகங்களின் தலைக்கு மேலே போய்விடுகிறது. ஆகவே தொலைவில் துணைக்கோளும் அருகில் ரேடாருமாக இரண்டும் சேர்ந்தே காவல் புரிகின்றன.

ரேடார் காண்பதை வரைபடத்தின்மீது வைத்து மக்களுக்குக் காட்டும் வழக்கம் எப்படிப் புகழ்பெற்றது என்பது சுவையான செய்தி. 1961 செப்டம்பரில் அமெரிக்க நாட்டின் டெக்சாஸ் கரையைக் கார்லா என்னும் பெரும்புயல் நெருங்கிக்கொண்டிருந்தது. கால்வெஸ்டன் நகரத்து வானிலை நிலையத்திலிருந்து டான் ராதர் என்ற செய்தியாளர் தொலைக்காட்சியில் செய்தி கூறினார். ரேடார்த் திரையில் வெளிச்சத் திட்டுகள் மட்டுமே தெரிந்தன. பார்ப்பவர்க்கு அதன் பொருள் விளங்காது. எனவே கண்ணாடித் தாள் ஒன்றில் கடற்கரையின் எல்லையை வரையச் செய்து, அதை ரேடார்த் திரையின்மேல் பொருத்திக் காட்டினார். புயல் எவ்வளவு பெரியது என்பதை மக்கள் தம் கண்ணாலேயே கண்டனர். பல லட்சம் பேர் கரையை விட்டு உள்நாட்டுக்குச் சென்றனர். அவர்களை எழுப்பியது கோடு அன்று, புயலின் அகலம். இன்றோ நம் திரைகளில் கோடு பளிச்சென்று தெரிகிறது, அகலம் மறைந்துவிடுகிறது. இது வளர்ச்சியா என்று நாம் சில வேளைகளில் எண்ணுவதுண்டு.

அக்கோடு புயலின் மையப்புள்ளி செல்லக்கூடிய வழியைக் குறிப்பது. மையத்தைச் சுற்றி நூறு, இருநூறு கிலோமீட்டர் வரை கடுங்காற்று வீசக்கூடும். மழை அதற்கும் அப்பால் செல்லும். இரட்டை மாட்டு வண்டியின் தடத்தை அச்சாணியின் நடுவே ஒரே கோடாக வரைந்தால், வண்டியின் அகலம் அதில் தெரியுமா? அதுபோன்றதே இதுவும்.

அன்றியும், இனிச் செல்லவிருக்கும் வழி என்பது கணக்கிட்டுக் கூறப்படுவது. கணிப்பொறிகள் காற்று, அழுத்தம், கடல் வெப்பம் ஆகியவற்றைக் கொண்டு பல கணக்குகளைப் போடுகின்றன. அவை எல்லாம் ஒரே விடையைத் தருவதில்லை. வல்லுநர்கள் அவற்றை ஒப்பிட்டு ஒரு முடிவுக்கு வருகின்றனர். இந்திய வானிலை ஆய்வுத் துறை 2016 முதல் 2020 வரை வெளியிட்ட முன்னறிவிப்புகளில், 24 மணி நேரம் முன்னதாகச் சொன்ன இடத்துக்கும் புயல் உண்மையில் இருந்த இடத்துக்கும் இருந்த வேறுபாடு சராசரியாகச் சுமார் 80 கிலோமீட்டர். 72 மணி நேரம் முன்னதாகச் சொன்னதில் சுமார் 160 கிலோமீட்டர். நாகப்பட்டினத்திலிருந்து புதுச்சேரி நேர்க்கோட்டில் 130 கிலோமீட்டர்தான். மூன்று நாட்களுக்கு முன் நாகப்பட்டினத்தில் வைத்த புள்ளி, இறுதியில் புதுச்சேரியில் வந்து நிற்பதற்கு இடமுண்டு என்பது இதனால் விளங்கும். இதைக் குறை என்று எவரும் கூறக்கூடாது. முந்தைய காலத்தோடு ஒப்பிட்டால் இது பெரும் முன்னேற்றம்.

இந்த ஐயப்பாட்டையே படத்தில் காட்டும்பொருட்டு, 2009ஆம் ஆண்டு முதல் கோட்டின் இருபுறமும் விசிறிபோல விரிந்து செல்லும் ஒரு பரப்பையும் வானிலைத் துறையார் வரைந்து தருகின்றனர். புயல் இருக்கும் இடத்தில் அது குறுகியும், நாள் செல்லச் செல்ல அகன்றும் இருக்கும். மையம் இப்பரப்புக்குள் எங்கும் செல்லக்கூடும் என்பது பொருள். பலர் இவ்விசிறியைப் புயலின் பருமன் என்று கருதி, புயல் கரையருகே வந்து பெருத்துவிடும் என்று அஞ்சுகின்றனர். வேறு சிலர், விசிறிக்கு வெளியே இருந்தால் ஒன்றும் நேராது என்று எண்ணுகின்றனர். இரண்டும் தவறு. விசிறிக்கு வெளியேயும் காற்று வரும், மழை வரும்.

அடுத்து, செய்தியில் இரண்டு வேகங்கள் கூறப்படுகின்றன. “புயல் மணிக்கு 15 கிலோமீட்டர் வேகத்தில் நகர்ந்து வருகிறது” என்பது ஒன்று. “மணிக்கு 100 கிலோமீட்டர் வேகத்தில் காற்று வீசும்” என்பது மற்றொன்று. பம்பரத்தை நினைத்துக்கொண்டால் குழப்பம் தீரும். பம்பரம் தன்னைத்தானே கடுவேகத்தில் சுழல்கிறது; ஆனால் தரையில் மெல்ல நகர்கிறது. சைக்கிள் வேகத்தில்தானே வருகிறது என்று புயலை இகழ்ந்து பேசிய நண்பர் ஒருவரை நாம் அறிவோம். மெல்ல நகரும் புயல் ஓரிடத்தில் நெடுநேரம் தங்கி மழை கொட்டும். ஆகவே அதனிடமே கூடுதலாக அஞ்ச வேண்டும்.

நகரும் வேகம் நமக்கு வேறொரு வகையிலும் பயன்படுகிறது. புயல் நம் ஊரிலிருந்து 300 கிலோமீட்டர் தொலைவில் உள்ளது. மணிக்கு 15 கிலோமீட்டர் வீதம் நம்மை நோக்கி நகர்கிறது என்று கொள்வோம். மையம் வந்து சேர 20 மணி நேரமாகும். ஆனால் கடுங்காற்று மையத்திலிருந்து 100 கிலோமீட்டர் வரை பரந்திருப்பின், அது கடக்க வேண்டிய தொலைவு 200 கிலோமீட்டர்தான். பதின்மூன்று மணி நேரத்திலேயே காற்று வந்துவிடும். ஏழு மணி நேரம் குறைந்துவிட்டதைக் கவனியுங்கள். மேலும், திரையில் கூறும் இடம் அந்த நிமிடத்தின் இடம் அன்று. காலை 8.30 மணிக்கோ, பிற்பகல் 2.30 மணிக்கோ கணித்த நிலை, அறிவிப்பாகி நம் காதுக்கு எட்ட ஒன்றரை அல்லது இரண்டு மணி நேரம் ஆவதுண்டு. அதற்குள் புயல் முப்பது கிலோமீட்டர் அருகே வந்திருக்கும். ஆகையால் செய்தியைக் கேட்கும்போது “எத்தனை மணி நிலவரம்” என்பதை முதலில் குறித்துக்கொள்ள வேண்டும். சில படங்களில் நேரம் உலகப் பொது நேரமாகக் குறிக்கப்பட்டிருக்கும். அதனுடன் ஐந்தரை மணியைக் கூட்டினால் நம் நேரம் கிடைக்கும்.

அசையும் படங்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. ரேடார்ப் படம் திரும்பத் திரும்ப ஓடிக்கொண்டிருப்பது இனி நடக்கப்போவது அன்று. கடந்த சில மணி நேரத்தில் நடந்து முடிந்தது. கைப்பேசியில் பல வண்ணங்களில் காற்று சுழல்வதாகக் காட்டும் படங்களோ, பெரும்பாலும் கணிப்பொறியின் கணக்கு. எவரும் கண்டு எடுத்த படம் அல்ல. அவற்றைப் பார்த்து வியக்கலாம். ஊரைக் காலி செய்வதற்கும் செய்யாமல் இருப்பதற்கும் வானிலைத் துறையின் அறிவிப்பையும் மாவட்ட ஆட்சியரின் ஆணையையுமே கொள்ளவேண்டும்.

கடற்கரை ஊராட்சியினர் தனியே அறிய வேண்டியது ஒன்றுண்டு. நம் பகுதியிற் புயற்காற்று கடிகார முள்ளுக்கு எதிர்த்திசையில் சுழல்கிறது. கிழக்கிலிருந்து வந்து நம் கரையைக் கடக்கும் புயலுக்கு வடபுறத்தில் காற்று கடலிலிருந்து நிலத்தை நோக்கியும், தென்புறத்தில் நிலத்திலிருந்து கடலை நோக்கியும் வீசும். எனவே கடல் நீர் ஊருக்குள் ஏறும் அபாயம் கடக்கும் இடத்துக்கு வடக்கே உள்ள ஊர்களுக்கே அதிகம். மையம் நேரே நம்மேல் வந்தால் நடுவில் காற்று அடங்கிவிடும். புயல் போய்விட்டதென்று எவரும் வெளியே வந்துவிடக் கூடாது. சற்று நேரத்தில் எதிர்த்திசையிலிருந்து காற்று மீண்டும் அடிக்கும்.

கரை கடக்கும் இடம் தொலைவில் இருந்தும் துன்பம் நம்மை நாடி வந்த சான்றுகள் அண்மையிலேயே உள்ளன. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் ஆந்திராவில் பாபட்லா அருகேதான் கரையைக் கடந்தது. ஆனால் அதற்கு முந்தைய இரு நாட்களில் சென்னை வெள்ளத்தில் மிதந்தது. 2020 டிசம்பரில் புரெவி மன்னார் வளைகுடாவில் வலுவிழந்து அசையாமல் நின்றது. மழையோ வடக்கே சிதம்பரம், கொள்ளிடம் பகுதி வயல்களை மூழ்கடித்தது. 2024 நவம்பர் 30ஆம் நாள் இரவு ஃபெஞ்சல் புதுச்சேரி அருகே கடந்தது. அதன்பின் கடலே காணாத கிருஷ்ணகிரி மாவட்டத்து ஊத்தங்கரையில், டிசம்பர் 2ஆம் நாள் காலையுடன் முடிந்த 24 மணி நேரத்தில் 50 சென்டிமீட்டர் மழை பதிவாயிற்று. உள்மாவட்ட ஊராட்சிகள் ஏரிக்கரையையும் மதகையும் கலிங்கையும் புயலுக்கு முன்பே பார்த்து வைப்பது இதனால்தான் வேண்டியதாகிறது.

வானிலைத் துறையின் எச்சரிக்கை நான்கு கட்டங்களாக வருகிறது. 72 மணி நேரம் முன்னதாக ஆட்சித்துறைக்கு முற்குறிப்பு. 48 மணிக்கு முன் மஞ்சள் நிற எச்சரிக்கை. 24 மணிக்கு முன் ஆரஞ்சு. 12 மணிக்கு முன், புயல் நிலத்தில் ஏறியபின் எவ்வழிச் செல்லும் என்பதையும் கூறும் சிவப்பு. நான்காவது குறிப்பு உள்நாட்டு ஊர்களுக்காகவே வருவது. அதைத்தான் கஜா வந்த இரவில் நாம் பொருட்படுத்தவில்லை.

கஜாவுக்குப் பின் அதே ஊராட்சி அலுவலகத்தில் வங்கக் கடலின் பெரிய வரைபடம் ஒன்றை மாட்டினோம். அட்சரேகை, தீர்க்கரேகைகள் போட்ட படம். செலவு அதிகமில்லை. அறிவிப்பில் புயல் இருக்கும் இடம் ரேகைக் கணக்கில் கூறப்படும்; அந்த இடத்தில் ஒரு குண்டூசி, பக்கத்தில் மணி. மூன்று மணிக்கு ஒருமுறை புதிய குண்டூசி. அட்சரேகை ஒரு பாகைக்கு 111 கிலோமீட்டர் என்று கொண்டு, ஒரு நூலால் அளந்தால் தூரம் தெரிந்துவிடும். இரண்டு குண்டூசிகளுக்கு இடையே உள்ள தூரம் மூன்று மணி நேர நகர்வு. பள்ளித் தலைமையாசிரியரின் யோசனைப்படி ஒரு தடித்த தாளை 100 கிலோமீட்டர் அளவுக்கு வட்டமாக வெட்டி, கடைசிக் குண்டூசியின்மேல் குத்தி வைத்தோம். அந்த வட்டத்தின் விளிம்பு ஊரை எப்போது தொடும் என்று பார்ப்பதே எங்கள் கணக்கு.

2020 நவம்பரில் நிவர் புயல் வந்தபோது புதிதாகத் தேர்ந்தெடுக்கப்பட்ட மன்றம் அப்பணியை ஏற்றுக்கொண்டது. தலைவரும் ஊராட்சிச் செயலரும் முறைவைத்துக் குண்டூசி குத்தினர். முதல் நாள் பகலிலேயே தொட்டி வழிய வழிய நிரம்பியது. ஜெனரேட்டர் வந்து நின்றது. ஓட்டு வீட்டு முதியோர் பள்ளிக்கூடத்தில் தங்கினர். கறவை மாடுகளை மரத்தடியிலிருந்து அவிழ்த்து வெட்டவெளியில் கட்டினர். நிவர் புதுச்சேரிக்கு வடக்கே கடந்துவிட்டது. ஊரில் மழை மட்டுமே. வார்டு உறுப்பினர் ஒருவர் ஜெனரேட்டர் வாடகை வீணாயிற்றே என்று கூட்டத்தில் கேட்டார். கேள்வி நியாயமானதுதான். தேநீர்க் கடையில் நாம் கண்ட அந்த முதியவர் எழுந்து, அந்த வாடகையில் பாதியைத் தாமே தருவதாகக் கூறினார். மன்றம் அதை ஏற்கவில்லை. பொது நிதியிலிருந்தே செலவு எழுதப்பட்டது.

இவ்வாறு படம் மாட்ட விரும்பும் ஊராட்சிகள் முதலில் தம் ஊரின் அட்சரேகையையும் தீர்க்கரேகையையும் கைப்பேசியில் பார்த்து, அலுவலகச் சுவரில் வண்ணத்தால் எழுதி வைத்துக்கொள்ளலாம். புயல் நாளில் தேடிக்கொண்டிருக்க நேரமிராது. கைப்பேசிக் கோபுரமும் நிற்கும் என்ற உறுதியில்லை.